உடம்பு மாறட்டும், கண் இருக்கட்டும்!

"பரணைச் சுத்தம் செய்தபோது மாமனாரின் பழைய காமிரா கிடைத்தது. தோல் உறையும் இரண்டு லென்ஸும் அப்படியே இருக்கின்றன. 'பிலிம் போடுகிற காமிரா இனிமேல் எதற்கு? எடைக்குப் போட்டுவிடு' என்கிறார் என் கணவர். போட்டுவிடலாமா?" என்று குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அவசரப்படாதீர்கள் அம்மா! பழைய சாமான்காரரை வாசலிலேயே நிறுத்தி வையுங்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. அதையே இந்த இதழில் எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

காமிரா என்பது இரண்டு சமாசாரம். ஒன்று உடம்பு, மற்றொன்று கண். பிலிமைச் சுருட்டி வைத்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் கதவைத் திறந்து மூடுவது உடம்பின் வேலை. வெளியே இருக்கிற வெளிச்சத்தைச் சேர்த்துக் கூர்மையாக உள்ளே அனுப்புவது கண்ணின் வேலை. அந்தக் கண்தான் லென்ஸ். காலம் மாறியதில் பயன் குறைந்தது உடம்புக்குத்தான். நல்ல கண்ணாடியைத் தேய்த்து, உலோகக் குழாயில் பதித்துச் செய்த லென்ஸ், ஒழுங்காக வைத்திருந்தால் நாற்பது ஐம்பது வருஷம் கழித்தும் அதே வேலையைச் செய்யும்.

பிலிம் போன கதை

பிலிம் செய்வதில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. உதகமண்டலத்தில் 'ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்' என்ற மத்திய அரசுத் தொழிற்சாலை 1960-ல் ஏற்பட்டது. 1967-ல் உற்பத்தி துவங்கிற்று. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும், போட்டோ காகிதமும், எக்ஸ்-ரே பிலிமும் அங்கிருந்து நாடெங்கும் போயின. டிஜிட்டல் வந்த பிறகு தாக்குப்பிடிக்க முடியாமல் அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்ததே பிலிம் விற்ற கோடக் கம்பெனிதான். 1975-ல் அங்கே வேலை பார்த்த ஸ்டீவன் சாஸன் என்ற இளம் இன்ஜினீயர் செய்தார். மூன்றரைக் கிலோவுக்கு மேல் கனம். ஒரு படத்தில் மொத்தம் பத்தாயிரம் புள்ளிதான். அந்தப் படத்தை ஒரு காசெட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. இன்றைக்கு நம் கைப்பேசியில் ஒரு படத்துக்குக் கோடிக்கணக்கில் புள்ளிகள்! தன் வீட்டில் பிறந்த பிள்ளையைக் கோடக் கவனித்து வளர்க்கவில்லை. 2012-ல் அந்தக் கம்பெனியே திவால் மனு கொடுக்க நேர்ந்தது.

பிலிம் அடியோடு போய்விடவில்லை. இன்னமும் விற்கிறார்கள். ஆனால் ஒரு கலர் ரோல் வாங்கி, கழுவி, படமாக்கி எடுப்பதற்குள் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. முப்பத்தாறு படத்துக்கு அவ்வளவு செலவு நம் மாதிரிக் குடும்பங்களுக்குக் கட்டுபடியாகுமா?

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் வீடு முடிச்சூரில். ஆதனூர் ஏரிப் பக்கம் புறப்படும் அடையாறு எங்கள் ஊரை ஒட்டித்தான் போகிறது. 2015 டிசம்பர் 1-ம் தேதி மழையை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர்! ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் வந்து, படகில் ஏறித்தான் நாங்கள் வெளியே வந்தோம்.

தண்ணீர் வடிந்து வீடு திரும்பினால், பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்கள் எல்லாம் ஒரே சேற்றுக் கட்டியாக ஒட்டிக் கிடந்தன. கல்யாணம், சீமந்தம், குழந்தைக்குக் காது குத்தியது... ஒன்றும் மிஞ்சவில்லை. அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"துணிமணி போனா வாங்கிக்கலாம். பாத்திரம் போனா வாங்கிக்கலாம். அவர் முகத்தை எந்தக் கடையிலம்மா வாங்கறது?"

மாமா 2006-ல் காலமானவர். அவருக்குப் போட்டோ என்றால் உயிர். பென்டாக்ஸ் கே1000 என்ற காமிராவும் 50 மி.மீ. லென்ஸும் வைத்திருந்தார். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அவர்தான் படம் எடுப்பார். அதனாலேயே எந்தப் படத்திலும் அவர் இருக்க மாட்டார்!

பரண் மேல் ஒரு பிஸ்கட் டப்பா தப்பித்திருந்தது. அதில் அவர் பட்டர் பேப்பரில் சுற்றி, தேதி எழுதி அடுக்கி வைத்த நெகடிவ்கள். பக்கத்திலேயே அந்தக் காமிரா. ஷட்டர் இறுகிப்போய் அசையவில்லை. லென்ஸ் மட்டும் பளிச்சென்று இருந்தது. விசாரித்த கடையில், "டிஜிட்டலுக்கு இது சேராதும்மா, வீட்ல வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று சொல்லிவிட்டார்கள். நானும் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

பல வருஷம் கழித்து, என் மகள் கல்லூரியில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள்: "அம்மா, தாத்தா லென்ஸை இப்போ வர்ற காமிராவுல மாட்டலாம். நடுவுல ஒரு வளையம் வெச்சாப் போதும்."

அப்போது அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "எனக்கு உடம்பு பழசு, கண்ணு புதுசு. இதுக்குக் கண்ணு பழசு, உடம்பு புதுசாக்கும்!" என்றார். லென்ஸ் விஷயத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

முறுக்கு நாழியும் அச்சும்

அந்த வளையத்துக்கு அடாப்டர் என்று பெயர். தத்துவம் சுலபம். பழைய காமிராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மேலும் கீழும் ஆடும். அது ஆட இடம் வேண்டும் என்பதால் லென்ஸைத் தள்ளி வைத்தார்கள். பென்டாக்ஸ் கே வகை லென்ஸ் பிலிமிலிருந்து 45.46 மி.மீ. தூரத்தில் நிற்க வேண்டும். இப்போது வரும் மிரர்லெஸ் காமிராக்களில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சோனி காமிராவில் அந்தத் தூரம் 18 மி.மீ.தான். மிச்சமுள்ள சுமார் 27 மி.மீ. இடைவெளியை ஒரு வெற்று உலோக வளையம் நிரப்பிவிடுகிறது. ஒரு பக்கம் பழைய லென்ஸுக்கேற்ற வாய், மறுபக்கம் புதுக் காமிராவுக்கேற்ற வாய். முறுக்கு நாழிக்கு அச்சு மாற்றுவது போலத்தான்.

கண்ணாடி ஏதும் இல்லாத சாதாரண வளையம் எங்களுக்கு ரூ.1,500-க்குக் கிடைத்தது. காமிரா உடம்பைச் செகண்ட்-ஹாண்டில் ரூ.22,000-க்கு வாங்கினோம். கடன் இல்லாமல், ஒரு தீபாவளிக்குப் பட்டுப் புடவையை நிறுத்திச் சேர்த்த பணம்.

வாங்குமுன் இவற்றைக் கவனியுங்கள்:

* உங்கள் காமிராவின் லென்ஸ் தனியாகக் கழன்று வருகிறதா? அந்தக் கால அக்ஃபா கிளிக், ஹாட் ஷாட் போன்றவற்றில் லென்ஸ் உடம்போடு சேர்ந்தது. அவற்றை ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

* லென்ஸின் முன் வளையத்தில் கம்பெனிப் பெயரும் எண்ணும் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, அதற்கென்று உள்ள அடாப்டரையே கேளுங்கள்.

* நிக்கான் லென்ஸின் வாய் அமைப்பு 1959-லிருந்து பெரும்பாலும் மாறவில்லை. ஆனாலும் 1977-க்கு முந்திய லென்ஸ்களைச் சில டிஜிட்டல் நிக்கான்களில் நேரடியாகத் திணித்தால் காமிரா பழுதாகும். தெரிந்தவரிடம் காட்டிவிட்டு மாட்டுங்கள்.

* புதிதாக எதுவுமே வாங்க வசதியில்லையா? பாதகமில்லை. லென்ஸைப் பத்திரப்படுத்துங்கள். வசதி வரும்போது அது காத்திருக்கும்.

குழந்தை நிற்குமா?

பழைய லென்ஸ் தானாக ஒன்றும் செய்யாது. வளையத்தைக் கையால் திருப்பித்தான் கூர்மைப்படுத்த வேண்டும். முதலில் காமிராவின் மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் படம் எடு' என்ற அனுமதியைக் கொடுக்க வேண்டும். பழைய லென்ஸ் மாட்டியிருப்பது அதற்குத் தெரியாது! பல மிரர்லெஸ் காமிராக்களில், எந்த இடம் கூர்மையாக இருக்கிறதோ அந்த ஓரங்கள் கலர் கோடாக மின்னும்படி வைக்கலாம். குழந்தையின் இமையில் அந்தக் கலர் வந்தவுடன் அழுத்திவிட வேண்டியதுதான்.

"தவழ்கிற குழந்தை அது வரைக்கும் நிற்குமா?" என்று கேட்கிறீர்கள். நிற்காது. அதற்கும் ஒரு வழி உண்டு. லென்ஸில் 2, 2.8, 4, 5.6, 8 என்று எண்கள் இருக்கும். அதை 8-ல் வையுங்கள். தூரம் காட்டும் வளையத்தை 10 அடியில் வையுங்கள். 50 மி.மீ. லென்ஸானால் ஏறக்குறைய 8 அடியிலிருந்து 12 அடி வரை எல்லாமே போதிய கூர்மையாக விழும். நீங்கள் கூடத்தில் ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். குழந்தை அந்த எல்லைக்குள் வரும்போது அழுத்துங்கள். பகல் வெளிச்சம் ஜன்னல் வழியாக வருகிற நேரமாக இருக்கட்டும். பச்சைக் குழந்தைகளின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்து மிரள வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று. விலை குறைந்த டிஜிட்டல் உடம்புகளில் பிலிமைவிடச் சிறிய பலகைதான் இருக்கும். அதனால் 50 மி.மீ. லென்ஸ், 75 மி.மீ. லென்ஸ் போல நெருக்கிக் காட்டும். முகத்துக்கு மிக அழகு. ஆனால் சின்ன அறையில் மொத்தக் குடும்பத்தையும் எடுக்க, சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்!

நெகடிவுக்கு மறுபிறவி

பழைய லென்ஸின் பெரிய உபகாரம் எங்களுக்கு இங்கேதான் கிடைத்தது. நெகடிவ்களை வீட்டிலேயே டிஜிட்டல் படமாக்கலாம். லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே இன்னும் சுமார் 33 மி.மீ. நீளத்துக்கு வெற்று வளையங்கள் சேர்த்தால், லென்ஸ் மிக அருகில் பார்க்கும். ஒரு நெகடிவ் கட்டம் படம் முழுவதும் நிறையும்.

டாப்லெட் அல்லது பெரிய கைப்பேசித் திரையை முழு வெள்ளையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு விரற்கடை மேலே பால்வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு, அதன் மேல் நெகடிவ். இடைவெளி இல்லாவிட்டால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழும். காமிராவை நேர் கீழே பார்க்கும்படி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். விளக்கை அணையுங்கள். கை படாமல் இருக்க 2 விநாடித் தாமதம் வைத்து எடுங்கள். கறுப்பை வெள்ளையாகத் திருப்ப இலவசச் செயலிகளே போதும். படம் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? படத்திலுள்ள பெண்களின் முந்தானையைப் பாருங்கள். வழக்கமாக இடது தோளில் போடுகிறவர்களுக்கு வலது தோளில் இருந்தால், நெகடிவைப் புரட்டிப் போட வேண்டும்!

பதினொரு ரோலை அப்படி எடுத்தோம். முன்னூற்றுச் சொச்சம் படங்களில் மாமா இருந்தது மூன்றே மூன்றில். அதில் ஒன்றில், திண்ணையில் உட்கார்ந்து, மூன்று மாதக் குழந்தையான என் மகளை மடியில் வைத்திருக்கிறார். படம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. உச்சந்தலை கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது. அத்தை வெகு நேரம் பார்த்தார்.

"இது நான் எடுத்தது. கை நடுங்கிச்சு. 'மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அழுத்து'ன்னார்."

அந்த முகத்தின் வெளிச்சம் 2003-ல் எந்தக் கண்ணாடி வழியாகப் பிலிமுக்குள் போயிற்றோ, அதே கண்ணாடி வழியாகத்தான் எங்களிடம் திரும்பி வந்தது. இப்போது அந்தப் படம் பூஜை அறைக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் எப்போதாவது போட்டோக்கள் நனைந்துவிட்டால், ஒட்டியதை இழுத்துப் பிரிக்காதீர்கள். ஒட்டியபடியே காயவும் விடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு, தானாக விலகும்போது எடுத்து, படம் மேலே பார்க்கும்படி நிழலில் உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் செய்துவிட வேண்டும். உடனே முடியாதென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பிரீஸரில் வைத்து, பிறகு நிதானமாகக் கவனிக்கலாம். நெகடிவையும் இப்படியே அலசி, ஓரத்தில் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிடலாம்.

பூஞ்சையிடமிருந்து காப்பது

நம் சென்னைப் பக்கத்து ஈரக்காற்று லென்ஸுக்குச் சத்துரு. உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். தோல் உறை பார்க்க அழகுதான். ஆனால் ஈரத்தை இழுத்துப் பூஞ்சையை வளர்ப்பது அதுவே. லென்ஸை அதிலிருந்து எடுத்து, ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். சின்ன ஈரமானி ஒன்று உள்ளே இருந்தால் நல்லது. 40-லிருந்து 50 சதவிகிதம் உத்தமம். 60-ஐத் தாண்ட விடாதீர்கள். அரிசிக்குள் புதைத்து வைக்க வேண்டாம். மாவுத் தூசி வளையங்களுக்குள் புகுந்துவிடும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். உபயோகிக்கிற லென்ஸ் சீக்கிரம் கெடுவதில்லை.

தாய்மார்கள் கவனத்துக்கு

காமிரா உள்ள வீட்டில் குழந்தையும் இருந்தால் மூன்று ஜாக்கிரதைகள்:

* பழைய காமிராக்களில் வெளிச்சமானிக்கென்று பொத்தான் பாட்டரி இருக்கும். முதல் வேலையாக அதைக் கழற்றி அப்புறப்படுத்துங்கள். குழந்தை அதை விழுங்கித் தொண்டையில் சிக்கினால், இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக்கூடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

* நீல நிறச் சிலிகா ஜெல்லில் கோபால்ட் என்ற நச்சு உப்பு சேர்ந்திருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்குங்கள். எதுவானாலும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

* சுமார் 1950-லிருந்து 70-கள் வரை வந்த சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. ஆசாஹி கம்பெனியின் சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ்கள் பலவும் இந்த ரகம். டீத் தண்ணீர் போலப் பழுப்பேறியிருந்தால் சந்தேகப்படலாம். படம் எடுக்கப் பயமில்லை, கதிர்வீச்சு மிகச் சொற்பம். ஆனால் விளையாட்டுச் சாமானாகக் கொடுப்பதும், தொட்டில் பக்கத்தில் வைப்பதும் கூடாது. உடைந்த கண்ணாடியைக் கையாளவும் கூடாது.

"இதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்" என்று யாராவது சொன்னால், ஹோமாய் வியாரவாலாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1913-ல் பிறந்தவர். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். புடவை கட்டிக்கொண்டு, கனத்த காமிராவைச் சுமந்து, சுதந்திர இந்தியாவின் பெரிய நிகழ்ச்சிகளைப் படமெடுத்தார். 2011-ல் பத்ம விபூஷண் பெற்றார்.

குரோம்பேட்டைச் சகோதரிக்கு என் யோசனை இதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை லென்ஸ்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூஞ்சை இல்லையா, வளையங்கள் இறுகாமல் திரும்புகின்றனவா? அப்படியானால் டப்பாவில் போடுங்கள். நெகடிவ்கள் இருக்கின்றனவா என்றும் பரணில் இன்னொரு முறை துழாவுங்கள். டிஜிட்டல் ஆக்கிய படங்களை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வீட்டில் ஒன்று, வேறு ஊரிலுள்ள அண்ணன் தம்பி வீட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கட்டும். மிகப் பிடித்த இருபது முப்பதைக் காகிதத்தில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். ஆற்றோரத்து ஊர்க்காரி சொல்கிறேன், மேல்தட்டில்!

கடைசியாக ஒன்று. இப்போதெல்லாம் வீட்டில் படம் எடுப்பது பெரும்பாலும் நாம்தான். குழந்தையின் படம் ஆயிரம் இருக்கும், அம்மாவின் படம் பத்து இருக்காது. ஆகவே அந்தக் காமிராவை அவ்வப்போது கணவரிடமோ மாமியாரிடமோ கொடுத்துவிட்டு, நீங்கள் போய்க் குழந்தையோடு உட்காருங்கள். படம் சாய்ந்து விழுந்தால் விழட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தச் சொல்லுங்கள், போதும்.